ஓட்டும் பிழைக்கு விலக்கு உண்டு என்றால் கப்பல் கம்பெனிக்கு என்ன பயம்?

திசைகாட்டி:
கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச விதிகளான ஹேக்-விஸ்பி விதிகளின் 4-ஆம் பிரிவுப்படி, கப்பலை ஓட்டுவதில் கேப்டனோ மாலுமியோ செய்த பிழையால் சரக்கு கெட்டால் உரிமையாளர் பொறுப்பில்லை. பிறகு எந்தச் சட்டம் கம்பெனியைப் பாதுகாப்புக்குச் செலவழிக்க வைக்கிறது?

சரக்குச்சட்டம்:
3-ஆம் பிரிவை விட்டுவிட்டீர்கள். பயணத்துக்கு முன்பும் தொடங்கும் நேரத்திலும் கப்பல் கடலோடத் தகுந்த நிலையில் இருக்க உரிய கவனம் எடுக்க வேண்டும். அதில் தவறி, அதனாலேயே சேதம் வந்தால் விலக்கு கைகொடுக்காது.

‘சிஎம்ஏ சிஜிஎம் லிப்ரா’ வழக்கைப் பாருங்கள். 2011 மே மாதம் சீனாவின் சியாமென் துறைமுகத்திலிருந்து வெளியேறும்போது தரைதட்டியது. கால்வாய்க்கு வெளியே சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) காட்டியதைவிட ஆழம் குறைவு என்ற எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. பாசேஜ் பிளான் என்ற பயணப் பாதைத் திட்டத்திலும் சார்ட்டிலும் அதைக் குறிக்கவில்லை. பொது இழப்பில், அதாவது கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவை எல்லாரும் பகிர்வதில், பங்கு தர சரக்குக்காரர்கள் சிலர் மறுத்தார்கள். 2021 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே நின்றது. பிளானில் இருந்த ஓட்டையே கப்பலைத் தகுதியற்றதாக்கிவிட்டது. ‘நடைமுறை எல்லாம் சரியாக எழுதிக் கொடுத்தோம், பிளான் போட்டது கப்பல் அதிகாரி’ என்ற வாதம் எடுபடவில்லை. அந்தக் கடமையை அடுத்தவர் தலையில் கட்ட முடியாது.

ஐஎஸ்எம்_ஆடிட்:
பாதுகாப்புக் கையேடு தடிமனாக இருந்தாலும் காப்பாற்றாது. ‘யூரேசியன் ட்ரீம்’ கார் கப்பலில் 1998-ல் சார்ஜாவில் தீப்பிடித்தது. கார்களுக்கு எரிபொருள் ஊற்றுவதும் ஜம்ப் ஸ்டார்ட் செய்வதும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. கேப்டனுக்குக் கார் கப்பல் அனுபவம் கிடையாது, வாக்கி-டாக்கி போதவில்லை, குவிந்து கிடந்த கையேடுகள் அந்தக் கப்பலுக்கென்று எழுதியவையும் அல்ல. கப்பல் தகுதியற்றது என்று 2002-ல் தீர்ப்பானது. ஆடிட்டில் நான் முதலில் புரட்டுவது, கப்பல் பெயரை மட்டும் மாற்றி ஒட்டிய பக்கங்களைத்தான்.

பாலிசி:
காப்பீடும் கழுத்தைப் பிடிக்கும். பிரிட்டனின் 1906 கடல் காப்பீட்டுச் சட்டம் 39(5): கால பாலிசியில் (குறிப்பிட்ட காலத்துக்கு எடுப்பது), கப்பல் தகுதியற்றது என்று தெரிந்தே உரிமையாளர் அனுப்பினால், அந்தக் குறையால் வந்த நஷ்டத்துக்குப் பணம் இல்லை. சந்தேகம் வந்தும் கேட்காமல் கண்ணை மூடிக்கொள்வதும் ‘தெரிந்தே’தான். கம்பெனி கரையில் நியமிக்கும் பாதுகாப்புப் பொறுப்பாளரான டிபிஏவுக்கு நிர்வாகத்தின் உச்சிவரை நேரடி வழி உண்டு. பழுதுக்கு உதிரிபாகம் கேட்ட மெயில் பதிலின்றிக் கிடந்தால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்வது கடினம்.

திசைகாட்டி:
புயலிலும் நேரத்துக்கு வந்து சேரச் சொல்லி வாடகைக்காரர் நெருக்கினால்?

சரக்குச்சட்டம்:
கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸ், 5-ஆம் அத்தியாயம், விதி 34-1. உயிர்ப் பாதுகாப்புக்கான கேப்டனின் முடிவை உரிமையாளரோ வாடகைக்காரரோ தடுக்கக் கூடாது. வானிலை அறிக்கையை இணைத்து, வேகம் குறைத்த நேரத்தோடு அன்றே பதில் எழுதுங்கள். லாக் புத்தகத்திலும் அதே நேரம் இருக்கட்டும். வாடகை பிடித்தம் பற்றிய சண்டையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.