புதுப்பிப்பு: கோவிட் போன பிறகும் அக்காவுக்கு நின்றால் படபடப்பு, காரணம் தெரிந்தது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: கோவிட் சமயம் அக்கா வீட்டுத் தனிமையில் இருந்தாள், தினமும் போனில் ஆக்சிஜன் அளவு கேட்பார்கள். கண்காணிப்பு முடிந்து 3 மாதமாகியும் களைப்பு, படபடப்பு போகவில்லை.

“ஆக்சிஜனை விடுங்க, நாடித்துடிப்பைப் பாருங்க. படுத்து ஒருமுறை, 10 நிமிடம் நின்று ஒருமுறை” என்றாரே ஒருவர், அதுதான் கைகொடுத்தது. ஆக்சிஜன் 98, துடிப்பு 76-லிருந்து 118! ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டும் அதே கருவியில் இருந்த இன்னொரு எண்ணை, அதாவது நாடித்துடிப்பை, நாங்கள் கவனிக்கவே இல்லை.

டாக்டர் நேரில் வரச்சொல்லி, ரத்த அழுத்தம், ஈசிஜி பார்த்து ‘பாட்ஸ்’ (POTS, எழுந்து நின்றால் நாடித்துடிப்பு அளவுக்கு மீறி ஏறும் கோளாறு) என்றார். தண்ணீர், இறுக்கமான காலுறை, பிரஷர் இல்லாததால் கொஞ்சம் கூடுதல் உப்பு. எதிர்பாராதது, நடைப்பயிற்சி அவளை மோசமாக்கியது. படுத்தபடி செய்யும் பயிற்சிக்கு மாறியதும்தான் தேறினாள். இப்போது குக்கர் மூன்று விசில் வரும்வரை அடுப்படியில் நிற்கிறாள்.