புதுப்பிப்பு: கோல்ஃப் மைதானப் படங்களில் புல் வெளிறித் தெரிந்த சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: 24-105 மி.மீ. லென்ஸில் ஃபேர்வே (பந்து ஓடும் நீளமான புல்வெளி) வெளிறுகிறது, கிரீனின் (குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரை) ஏற்ற இறக்கமே தெரியவில்லை; இன்னும் அகலமாகக் காட்டும் 16-35 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

வாங்கத் தேவைப்படவில்லை. புல்லுக்குக் கைகொடுத்தது நீங்கள் சொன்ன சர்குலர் போலரைசர் யோசனை: லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும், பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர் அது. புல் இதழ்களில் வானத்தின் ஒளி பட்டுத் தெறிப்பதுதான் அந்த வெளிறல். ஃபில்டரை வ்யூஃபைண்டரில் பார்த்தபடி மெல்லத் திருப்பினால், ஒரு நிலையில் அந்த வெள்ளைப் பளபளப்பு அடங்கி அடர்பச்சை எழும். பின்னால் கம்ப்யூட்டரில் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஏற்றுவது இதற்கு ஈடாகாது, புல் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். ஃபில்டரால் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளி குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). லென்ஸ் துவாரம் எஃப்/8 அளவிலேயே வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) கொஞ்சம் ஏற்றுங்கள்.

ஏற்ற இறக்கத்துக்கு ஃபில்டர் உதவாது. சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரத்துக்குள், வெயில் பக்கவாட்டில் விழும்படி நின்று, மேடான டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) 70-105 மி.மீ.யில் எடுக்க வேண்டும். பங்கர் (மணல் பள்ளம்) விளிம்பின் நிழல் மணலில் நீண்டு விழும். கிரீனின் ஒவ்வொரு மடிப்பும் தனியாகத் தெரியும்.

எதிர்பாராதவை இரண்டு. 24 மி.மீ.யில் போலரைசர் வானத்தின் நடுவே கருநீலப் பட்டை போட்டுவிடுகிறது. 35க்கு மேல் போனால் பெரும்பாலும் தெரிவதில்லை. அடுத்து, சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் ஸ்விங் எடுத்தால் கிளப்பின் தண்டு வில்லாக வளைந்து பதிவாகிறது: சென்சார் வரி வரியாகப் படிப்பதன் விளைவு. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிவிடுங்கள்; அது சத்தம் போடும் என்பதால் பந்து அடிபட்ட பிறகே பட்டனை அழுத்துங்கள். ஆடுபவருக்கும் தொந்தரவு இருக்காது.