சோக் போட்டால்தான் மோட்டார் ஓடுகிறது, என்ன செய்யலாம்?

வாழைக்கொல்லை: வாய்க்காலிலிருந்து வாழைக்குத் தண்ணீர் இறைக்க ஐந்தரை குதிரைசக்தி பெட்ரோல் மோட்டார் வைத்திருக்கிறேன். தை மாதம் ஓட்டியது, நேற்றுதான் மறுபடி எடுத்தேன். இரண்டு இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. பாதி சோக்கில் ஓடுகிறது. சோக்கை முழுசாகத் திறந்தால் ஏறி இறங்கி ஊளையிட்டு நின்றுவிடுகிறது. பக்கத்துக் கடையில் புது பிளக் போட்டு, கார்ப்ரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பாகம்) ஸ்க்ரூவையும் திருகிப் பார்த்தார்கள். பலனில்லை.

குமார்_72: கார்ப்ரேட்டரையே புதுசாக மாற்றிவிடுங்கள். தலைவலி விட்டது.

பட்டறைக்காரன்: அவசரப்படாதீர்கள். சோக் காற்றைக் குறைக்கும். காற்றைக் குறைத்தால் ஓடுகிறது என்றால் பெட்ரோல் பத்தவில்லை என்று அர்த்தம். பிளக்கின் முனை வெள்ளையாக வெளுத்திருக்கும், பாருங்கள். அந்தச் சின்ன ஸ்க்ரூ ஸ்லோவில் ஓடும்போதுதான் வேலை செய்யும். முழு வேகத்தில் அதை எத்தனை சுற்று திருகினாலும் சும்மாதான். வேகத்துக்குப் பெட்ரோல் கொடுப்பது மெயின் ஜெட், நடுவில் ஓட்டையுள்ள சின்னப் பித்தளைத் திருகு.

பெட்ரோல் டேப்பை மூடி, கார்ப்ரேட்டர் அடியில் இருக்கும் பத்தாம் நம்பர் போல்ட்டைக் கழற்றினால் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் கையோடு வரும். நடுத்தூணுக்குள் அந்தப் பித்தளை ஜெட். தலைக்குப் பொருத்தமான ஸ்க்ரூ டிரைவர் போடுங்கள், வழுக்கினால் வாய் போச்சு. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வட்டமாக வானம் தெரிய வேண்டும். ஊசி, ஸ்டீல் கம்பி விடாதீர்கள், ஓட்டை பெரிதானால் பெட்ரோல் குடிக்கும். மின் ஒயரில் ஒரு செம்பு இழை போதும். ஜெட்டுக்கு மேலே பக்கவாட்டில் துளையுள்ள குழாய் ஒன்று இருக்கிறது. பலர் அதை எடுப்பதே இல்லை, பாதி வியாதி அங்கேதான்.

சுத்தம் செய்தும் சரியாகவில்லையா? ஓடும்போது கார்ப்ரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள பேக்கிங்கில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது.

வாழைக்கொல்லை: அண்ணே, கிண்ணத்தில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது! ஜெட்டில் வானமே தெரியவில்லை, வார்னிஷ் மாதிரி பிசின். செம்பு இழை விட்டு ஊதியதும் திறந்தது. இப்போது சோக் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் இருபது நிமிடத்தில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் விட்டு இழுத்தால் மறுபடி ஓடுகிறது.

தென்னந்தோப்பு_செல்வி: நின்றதும் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். எனக்கும் இதேதான், மூடியின் காற்றுத் துளையைக் குளவி மண் அடைத்திருந்தது.

பட்டறைக்காரன்: சரியாகச் சொன்னீர்கள். டேங்குக்குள் காற்று போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. அந்தச் சின்ன ஸ்க்ரூவைக் கடைக்காரர் கலைத்திருப்பார். மெதுவாக உள்ளே முட்டவிட்டு ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். எஞ்சின் சூடானதும் சீராக ஓடும் இடத்தில் விடுங்கள். அப்புறம், இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு உண்டு, ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேப்பை மூடி, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள்.

வாழைக்கொல்லை: மூடியைத் திறந்ததும் ‘புஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தது. துளையில் மண்தான். கடைசி வரிசை வாழைக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.