120 கிலோ சரக்குக்கு 240 கிலோ கட்டணமா? அவசரம்

புதுமுகம்: கார்கோ வேலை இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். மொத்தம் 120 கிலோ, எஃப்ஓபி (சரக்கை ஏற்றித் தரும் வரை விற்பவர் பொறுப்பு என்ற விற்பனை நிபந்தனை). ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பித் தரும் ஏஜென்ட்) கொட்டேஷனில் 240 கிலோ போட்டிருக்கிறார். ஏமாற்றுகிறாரா? இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

நங்கூரம்: விமானமா, கப்பலா? எத்தனை பெட்டி? நீள அகல உயரம்?

துறைமுகக்காற்று: பெட்டிக்கு அடியில் பாலட் (தூக்குவதற்கான அடித்தட்டு) இருக்கிறதா? எனக்கு எப்போதும் பாலட் மேல்தான் சந்தேகம்.

சரக்குசாமி: பெட்டியின் அளவை வைத்துப் போடும் வால்யூம் எடை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஃபார்வர்டரைத் திருடன் என்பதா? முதல் பாடமே அதுதான் தம்பி. போதாக்குறைக்கு எஃப்ஓபி வேறு.

புதுமுகம்: விமானம்தான். 2 பெட்டி, ஒவ்வொன்றும் 100×80×75.

மேகம்: செ.மீ. என்றே எடுத்துக்கொள்கிறேன். பெட்டிக்கு 6,00,000 கன செ.மீ. ஏர் கார்கோவில் வழக்கமாக 6000-ஆல் வகுப்பார்கள். பெட்டிக்கு 100, மொத்தம் 200 கிலோ. நிஜ எடை, வால்யூம் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். அதனால் 120 கிடைக்கவே கிடைக்காது. ஆனால் 5000-ஆல் வகுத்தால் சரியாக 240. அது கூரியர், எக்ஸ்பிரஸ் கணக்கு. எந்த சர்வீஸுக்குக் கொட்டேஷன் வாங்கினீர்கள்?

துறைமுகக்காற்று: பெட்டி அளவுக்கே பாலட் அடித்து, அதன் உயரம் 15 செ.மீ. என்றால் மொத்த உயரம் 90. 6000-ஆலேயே வகுத்துப் பாருங்கள். அதுவும் 240!

மேகம்: அட, ஆமாம்.

நங்கூரம்: எஃப்ஓபியில் என்ன தப்பு? எங்கள் ஆபீஸில் விமானத்துக்கும் அப்படித்தான் எழுதுகிறோம்.

சரக்குசாமி: எல்லோரும் எழுதினால் சரியாகிவிடுமா? இன்கோடெர்ம்ஸில் (சர்வதேச வணிக நிபந்தனை விதிகளில்) எஃப்ஓபி கடலுக்கும் உள்நாட்டு நீர்வழிக்கும் மட்டும். விமானத்துக்கு எஃப்சிஏ, அதாவது சரக்கை ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைக்கும் வரை விற்பவர் பொறுப்பு. எஃப்ஓபியில் சரக்கு கப்பல் விளிம்பைத் தாண்டியதும் ரிஸ்க் வாங்குபவருடையது. விமானத்தில் விளிம்புக்கு எங்கே போவது?

நங்கூரம்: விளிம்புக் கணக்கை 2010 விதிகளிலேயே எடுத்துவிட்டார்கள், ஐயா. கப்பலுக்குள் ஏற்றி வைத்தால்தான் ரிஸ்க் மாறும்.

சரக்குசாமி: நானும் அதைத்தான் சொன்னேன்.

நங்கூரம்: மேலே போய் ஒரு முறை படியுங்கள்.

புதுமுகம்: கேட்டுவிட்டேன், பாலட்தான். பாலட் இல்லாமல் பெட்டியாகவே அனுப்பச் சொல்லிவிட்டேன். நன்றி.

மேகம்: பெட்டி ஒன்று 60 கிலோ வருமே. பாலட் இல்லாமல் ஃபோர்க்லிஃப்ட் எப்படித் தூக்கும்? ஃபார்வர்டர் சம்மதித்தாரா?

துறைமுகக்காற்று: ஆள் போய்விட்டார் போல.