அடைக்கலக்குருவி செய்த வேலை

புளூபேர்ட், அமெரிக்காவில் மரப்பொந்தில் கூடு கட்டும் சின்ன நீலப் பறவை. அதற்குப் பெட்டி வைத்துக் குஞ்சுகளைப் பறிகொடுத்த மூன்று வீட்டுக்காரர்கள் எழுதுகிறார்கள்.

ராலே, வட கரோலினா:

திருநெல்வேலி வீட்டில் சுவர்ப் படத்துக்குப் பின்னால் அடைக்கலக்குருவி கூடு கட்டிவிட்டால், சித்திரை வெயிலில் வேர்த்து ஒழுகினாலும் ஆச்சி மின்விசிறியைப் போட விடமாட்டார். அந்த வீட்டில் வளர்ந்தவன்தான் இதை எழுதுகிறேன்.

கொல்லைப்புறப் புல்வெளியில் இரும்புக் கம்பம் நட்டு, புளூபேர்டுக்கு ஒரு பெட்டி வைத்திருந்தேன். ஒன்றரை அங்குலத் துளை. ஏப்ரலில் ஒரு ஜோடி வந்தது. வெளிர்நீலத்தில் ஐந்து முட்டைகள்; நான்கு பொரிந்தன. ஒன்பதாம் நாள் காலை பெட்டியின் பக்கக் கதவைத் திறந்தேன். நான்கும் செத்துக் கிடந்தன. இறகுக் குருத்துகளின் நுனியில் அப்போதுதான் நீலம் எட்டிப் பார்த்திருந்தது. மண்டையில் மட்டும் கொத்திக் குதறிய காயம். தின்பதற்காகக் கொன்றதில்லை. நிமிர்ந்து பார்த்தால் பெட்டியின் கூரைமேல் கறுத்த தொண்டையோடு ஓர் ஆண் சிட்டுக்குருவி, பத்திரம் பதிந்துவிட்ட வீட்டுக்காரன்போலக் கத்திக்கொண்டிருந்தது. வேலியில் தகப்பன் புளூபேர்ட், அலகில் பச்சைப் புழு. வெகுநேரம் அதை விழுங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

நம் ஊரில் அடைக்கலக்குருவி என்று மண்கலயம் கட்டி வா வா என்று அழைக்கிறோமே, அதே இனம்தான். 1850களில் புரூக்ளினில் கொண்டுவந்து விட்டார்கள். கண்டம் முழுக்கப் பரவிவிட்டது. மரங்கொத்தியைப்போல் தானே பொந்து குடைய அதற்குத் தெரியாது, புளூபேர்டுக்கும் தெரியாது. அதனால் இருக்கிற பொந்துக்கு அடிதடி. என் பங்கும் உண்டு: ஜன்னலிலிருந்து பார்க்க வசதி என்று பெட்டியை வீட்டை ஒட்டி வைத்தேன். பக்கத்திலேயே தட்டு நிறையத் தினையும் உடைத்த மக்காச்சோளமும். சிட்டுக்குருவிக்கு விருந்து வைத்து அழைத்ததே நான்தான்.

அட்லாண்டா புறநகர், ஜார்ஜியா:

எங்கள் பெட்டியில் காயமும் இல்லை, ரத்தமும் இல்லை. சாயங்காலம் ஐந்து குஞ்சுகள் இருந்தன, விடிந்தால் ஒன்றும் இல்லை. புல்லால் கட்டிய கிண்ணம் நலுங்காமல் அப்படியே இருந்தது. ரக்கூன் என்ற மரமேறும் விலங்கு என்றால் கூட்டையே வெளியே இழுத்துப் போட்டிருக்கும், இது பாம்பு. இங்குள்ள கருஞ்சாரை மழமழப்பான கம்பத்திலும் ஏறிவிடும். பிறகு எட்டு அங்குல அகலம், இரண்டடி நீளமுள்ள தகரப் புகைக்குழாயைப் பெட்டிக்குக் கீழே கம்பத்தைச் சுற்றித் தொங்கவிட்டோம். அதன்பின் இரண்டு ஈடு குஞ்சுகள் பறந்து போயிருக்கின்றன.

பிட்ஸ்பர்க் பக்கம், பென்சில்வேனியா:

எனக்குக் கொலைகாரன் என்று கைகாட்ட யாரும் இல்லை. மே மாதம், நான்கு நாள் விடாத குளிர்மழை. குஞ்சுகளுக்கு ஐந்து நாள் வயது, உடம்பில் சூட்டைத் தாங்களே காக்க முடியாத பருவம். தாய் அணைத்துக்கொண்டே இருந்தால் இரை வராது. இரை தேடிப் போனால் குஞ்சு விறைத்துவிடும். போனாலும் அந்த மழையில் பூச்சி ஏது? ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. "நீ திறந்து பார்த்தாய், கை பட்டுவிட்டது, தாய் ஒதுக்கிவிட்டது" என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். அது உண்மையில்லை, மனித வாடைக்காகத் தாய்ப்பறவை பொதுவாகக் குஞ்சைக் கைவிடுவதில்லை. ஆனாலும் அந்தச் சொல் ஒரு வாரம் உறுத்தியது. (பன்னிரண்டு, பதின்மூன்று நாளானபின் மட்டும் திறக்காதீர்கள். பறக்க வராத குஞ்சு பயந்து வெளியே குதித்துவிடும்.)

ராலேயிலிருந்து மறுபடியும்:

பெட்டியை வீட்டிலிருந்து தள்ளி வெட்டவெளிக்கு மாற்றினேன். தினை நிறுத்தியாயிற்று. புளூபேர்டின் கூட்டில் கைவைக்கச் சட்டம் விடாது. சிட்டுக்குருவிக்கு அந்தக் காப்பு கிடையாது. எனவே அது கட்டக் கட்டக் கலைக்கிறேன், இதுவரை நான்கு முறை. வைக்கோல், கோழியிறகு, பிளாஸ்டிக் துண்டு. ஆச்சியிடம் சொல்லக்கூடிய வேலை இல்லை.

நேற்று புளூபேர்ட் ஜோடி கூடு கட்ட பைன் மரத்தின் ஊசியிலை கொண்டுவரத் தொடங்கியிருக்கிறது. சிட்டுக்குருவியை மிரட்டப் பெட்டிமேல் தொங்கவிடும் பளபளப்பு நாடா வாங்கி வைத்திருக்கிறேன். முதல் முட்டை விழுந்த பிறகே கட்ட வேண்டுமாம். முன்னரே கட்டினால் புளூபேர்டும் மிரண்டுவிடும். நாடா இப்போதைக்குச் சமையலறை இழுப்பறையில் கிடக்கிறது.