அனுமதியா, ஆடா? மேற்கு ஆப்பிரிக்கக் கிராமத்தில் குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்புவது எது?

இளவேனில்:
"மேற்கு ஆப்பிரிக்கக் கிராமத்தார் காய்ச்சல் கண்ட குழந்தையை மந்திரவாதியிடம் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு அறியாமைதான் காரணம்" என்று கதிர்வேலன் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. புர்கினா பாஸோவில் 2016-இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சிகிச்சைக் கட்டணத்தை நீக்கினார்கள்; சுகாதார நிலையங்களில் கூட்டம் பெருகியது. ஒரே இரவில் அறிவு முளைத்துவிட்டதா? கானாவில் 1985-இல் கட்டணத்தை ஏற்றியபோது வருகை சரிந்ததே, அன்று அறிவு பட்டுப்போனதா? அங்கே மலேரியா மழைக்காலத்தில் உச்சத்துக்குப் போகும். அறுவடைக்கு முந்தைய அந்த மாதங்களில் களஞ்சியமும் காலி, கையும் காலி. மண் பாதைகளும் அப்போதுதான் வெள்ளத்தில் அறுந்துபோகும்.

கதிர்வேலன்:
நைஜர் பற்றிய பழைய விவாதத்திலும் பணம், பணம் என்றீர்கள். எதிர்க்கேள்வி கேட்டதும் காணாமல் போனீர்கள். வடக்கு கானாவின் நவ்ரோங்கோவில் 1994-இல் மருத்துவ வசதியைக் கிராமத்துக்கே கொண்டுபோகும் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். நர்சுகளுக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்துக் கிராமத்திலேயே குடிவைத்தார்கள். ஊர்த் தலைவர்களையும் பெரியவர்களையும் கூட்டி முன்னதாகச் சம்மதம் வாங்கியது எதற்கு? வளவின், அதாவது உறவுக் குடும்பங்கள் சேர்ந்து வாழும் வீட்டுத் தொகுதியின், மூத்தவர் அனுமதி தராமல் தாய் குழந்தையோடு வாசல் தாண்ட மாட்டாள் என்பதால்தான்.

இளவேனில்:
எதற்கான அனுமதி? சிகிச்சைச் செலவுக்கு ஆட்டை விற்பதற்கான அனுமதி! தானியமும் ஆடுமாடும் மூத்தவர் பொறுப்பில். தாயிடம் இருப்பது ஷியா என்ற மரத்தின் எண்ணெய்க் கொட்டை பொறுக்கி விற்ற காசும் கொஞ்சம் நிலக்கடலைக் காசும்தான்.

கதிர்வேலன்:
அதே நவ்ரோங்கோவில் நர்ஸ் வீட்டுக்கே கொண்டுவந்த கருத்தடை ஊசியைக் கணவனுக்குத் தெரியாமல் போட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. அதற்கு எந்த ஆட்டை விற்க வேண்டியிருந்தது?

மருதன்:
இருவரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். அங்கே காய்ச்சலுக்கு முதலில் காய்ச்சிக் குடிப்பது வேப்பிலை. நைஜீரியாவில் 'டோகோன்யாரோ' என்பார்கள். நம் நாட்டிலிருந்து போன மரம். நம் மருந்தைத்தான் நீங்கள் அறியாமை என்கிறீர்கள்.

இளவேனில்:
மருதன் அண்ணா, ஆங்கிலேயர் ஆட்சியில் கொண்டுபோய் நட்ட மரத்துக்கு நமக்கென்ன பெருமை? வலிப்பு கண்ட குழந்தைக்குக் கஷாயம் கொடுத்துக் காத்திருந்தால் என்ன ஆகும் தெரியுமா?

மருதன்:
பெருமையைப் பற்றி உங்களிடம் பாடம் கேட்க வரவில்லை. கானாவின் தலைநகர் அக்ராவில் பல ஆண்டுகள் வியாபாரம் செய்தவன் நான்.

கதிர்வேலன்:
அக்ராவில் கடை வைத்தவர் நவ்ரோங்கோவைப் பற்றிப் பேசலாமா? அது நாட்டின் வடகோடி எல்லையில் இருக்கிறது.

மருதன்:
நீங்கள் எங்கே போனீர்கள், நூலகத்துக்கா?

செலின்:
வடக்கு கானாவில் டமாலே பக்கம் செவிலியராக இருந்தேன். வலிப்பு வந்த குழந்தைக்கு ஊசி போட்டால் இறந்துவிடும் என்று தாய்மார்கள் உறுதியாக நம்பினார்கள். கையில் பணம் இருந்தும் நாட்டு வைத்தியரிடம்தான் முதலில் போனார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள், இளவேனில்?

இளவேனில்:
சொல்கிறேன், அக்கா. முதல் நாள் கையில் இருக்கிற சில்லறைக்கு மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை. மறுநாள் பச்சிலை. மூச்சுத் திணறும்போதுதான் மருத்துவமனை. ஊசி போட்ட சற்று நேரத்தில் குழந்தை போய்விடுகிறது. பார்த்த ஊர் வேறெப்படி நினைக்கும்? அந்த நம்பிக்கை தாமதத்தில் பிறந்தது, தாமதம் காசில் பிறந்தது. கானாவில் 2003-இல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வந்தது, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சந்தா இல்லை என்பீர்கள். அட்டையைக் காட்டினாலும் "மருந்து இருப்பில் இல்லை, வெளியே வாங்கு" என்று அனுப்பிய இடங்கள் உண்டே! கதிர்வேலன் ஐயா, உங்கள் நவ்ரோங்கோவுக்கே வருகிறேன். பெரியவர்களைத் திரட்டி ஊர்த் தொண்டர்களை மட்டும் நிறுத்திய பகுதியில் குழந்தை இறப்பு குறையவில்லை. நர்ஸ் குடியிருந்த பகுதியில் குறைந்தது. சம்மதம் மட்டும் எந்தக் குழந்தையைக் காப்பாற்றியது?

செலின்:
நான் பார்த்த தாய்மார்கள் தாமதமாக வரவில்லை. அதைக் கேட்காமலே பதில் எழுதிவிட்டீர்கள்.

கதிர்வேலன்:
கருத்தடை ஊசிக்குப் பதிலே இல்லை. எந்த ஆடு?

இளவேனில்:
காய்ச்சலில் துடிக்கும் குழந்தையும் கருத்தடையும் ஒன்றல்ல. எத்தனை முறை கேட்டாலும் இதுதான் பதில்.

கதிர்வேலன்:
நைஜர் விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

மருதன்:
வேம்பைப் பற்றிச் சொன்னதற்கு இன்னும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.