மறு: ‘மணிக்கட்டு உருட்டல்’ – வேறு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

> கோல்ஃப் வீச்சில் மட்டையின் முகம் மூடுவதற்கு ‘மணிக்கட்டு உருட்டல்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அக்கா, மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, வலக்கை ஆட்டக்காரருக்கு இடப்பக்கமாகத் திரும்புவதைத்தான் மூடுவது என்கிறோம். அதற்கு இந்தச் சொல் வேண்டவே வேண்டாம். மணிக்கட்டு உருளாது. அது முன்னும் பின்னும் மடங்கும், பக்கவாட்டில் சாயும், அவ்வளவுதான். இடக்கையை மணிக்கட்டுக்குச் சற்று மேலே வலக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். அநேகமாக அசையாது. பிடியைத் தளர்த்தினால் உடனே திரும்பும். ஏனென்றால் திரும்புவது முன்கை: ஆரை எலும்பு அரந்தி எலும்பின் மேல் குறுக்காகப் புரள்கிறது, கை அதோடு போகிறது. முழங்கை நீட்டியிருந்தால் தோள்மூட்டிலிருந்து மேற்கையும் சேர்ந்து திரும்பும். வீச்சில் இரண்டும் கலந்து வருவதால் எது எங்கே நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆங்கிலத்திலும் இதே சிக்கல்தான். கோல்ஃப் வீரர் பென் ஹோகன் 1957இல் வெளியிட்ட நூலில், பந்தை அடிக்கும் கட்டத்தில் இடது மணிக்கட்டு மேல்நோக்கித் திரும்புவதாகவே எழுதினார். அதைப் படித்துவிட்டு மணிக்கட்டை வேண்டுமென்றே முறுக்கப் போய், பந்து இடப்பக்கம் வளைந்து ஓடுவதில் முடிந்தவர்கள் நிறையப் பேர். நம் சொல்லும் அதே தவற்றைக் கற்றுத்தரக் கூடாது.

இதற்கு மாற்றாகக் குழுவில் ஐயா ஒருவர் சொன்ன ‘முன்கைப் புரட்டல்’ உறுப்பைச் சரியாகப் பிடித்துவிட்டது. வினையில்தான் எனக்குத் தயக்கம். புரட்டுவது நாம் செய்வது, புரள்வது தானாக நடப்பது. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறத்தாழ அரை மில்லி விநாடிதான். அதற்குள் எந்த மனிதரும் கணக்குப் பார்த்துக் கையைத் திருப்ப முடியாது. மட்டை மேலிருந்து இறங்கும்போதே முகம் படிப்படியாக மூடிக்கொண்டு வருகிறது. அடிக்கும் இடத்தில் ஒரே சொடுக்கில் மூட வேண்டும் என்ற நம்பிக்கைதான் புதிதாகப் பழகுகிறவர்களைப் படுத்துகிறது. அதனால் ‘முன்கைப் புரள்வு’ என்று முன்மொழிகிறேன். தன்வினை, பிறவினை என்று இரண்டு வடிவம் தமிழில் கைவசம் இருக்கும்போது பயன்படுத்திக்கொள்வோமே.

திசையைச் சொல்ல ‘கவிழ்வு’, ‘மலர்வு’ இரண்டும் போதும். உள்ளங்கை கீழே பார்க்கத் திரும்பினால் கவிழ்வு, மேலே பார்க்கத் திரும்பினால் மலர்வு. வலக்கை ஆட்டக்காரருக்கு மட்டையைப் பின்னால் தூக்கும்போது இடது முன்கை கவிழும், வலது மலரும். இறங்கி அடித்துக் கடக்கும்போது அப்படியே மாறும். இரண்டு கைகளும் ஒரே மட்டையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்ப் பெயர் பெறுவதால், பொதுப்பெயராகப் புரள்வு இருப்பது நல்லது.

அப்புறம், முகம் மூடுவதும் முன்கை புரள்வதும் ஒன்றல்ல. இடது மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் மடங்கினாலும் முகம் மூடும். 2016 யூ.எஸ். ஓப்பனையும் 2020 மாஸ்டர்ஸையும் வென்ற டஸ்டின் ஜான்சனைப் பாருங்கள்: வீச்சின் உச்சியில் இடது மணிக்கட்டு நன்றாக மடங்கியிருக்கும், முகம் அங்கேயே மூடியிருக்கும். அதன் பிறகு உடலைத் திருப்பி அடிக்கிறார். கடைசி நேரத்தில் முன்கையைப் பெரிதாகப் புரட்ட வேண்டிய தேவை அவருக்கு இல்லை. பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதையும் மட்டை வரும் பாதையைவிட முகம் பார்க்கும் திசைதான் பெருமளவு முடிவு செய்கிறது. பழைய பாடம் இதைத் தலைகீழாகச் சொல்லி வந்தது. அதனால் ‘முக மூடல்’, ‘முகத் திறப்பு’ என்று மட்டைக்குத் தனிச்சொற்களே இருக்கட்டும். உடலுறுப்பின் பெயர் அவற்றில் நுழையவே வேண்டாம்.

அடிக்கும் கட்டத்தில் மட்டையை விடுவிப்பதைச் சொல்லும் ‘ரிலீஸ்’ (release) என்பதற்கு இப்போது சொல் தேட வேண்டாம் என்று நினைக்கிறேன். பயிற்சியாளர்கள் ஆளுக்கொரு பொருளில் சொல்கிறார்கள்.

குழுவில் உள்ள இயன்முறை மருத்துவர்களிடம் ஒரு கேள்வி: கவிழ்வு, மலர்வு இரண்டையும் உங்கள் துறையில் வேறு எதற்காவது ஏற்கெனவே வைத்திருக்கிறீர்களா?